பச்சையாகத்தான் இருந்தது

சின்னவளுக்கு எல்லா வேலையும் வரும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல மட்டும் வராது.

பிறந்த வீட்டில் அவள் கடைக்குட்டி. ஏதாவது கேட்டு அவள் தெரியாது என்று சொல்லிவிட்டால் அக்காமார்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எல்லாவற்றுக்கும் தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, பிறகு ஓடிப்போய் அதைக் கற்றுக்கொண்டு வருவாள். கடவுள் அவளுக்குக் கூர்மையான புத்தியைக் கொடுத்திருந்தார். பெரும்பாலும் யாரும் கண்டுபிடிப்பதற்குள் கற்றுக்கொண்டும் விடுவாள். அதனால் அந்தக் குணம் அவளை விட்டுப் போகவே இல்லை. கல்யாணம் ஆகி வந்த வீட்டிலும் சின்னவள் என்ற பெயர் கூடவே வந்தது போல, அந்தக் குணமும் கூடவே வந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பகலெல்லாம் வீடு வெறிச்சென்று கிடந்தது. மாவு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காய் நறுக்கியபடியே ஜாவாஸ்கிரிப்ட் பாடம் கேட்கத் தொடங்கினாள். முதலில் பொழுதுபோக்காக இருந்தது, பிறகு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன கம்பெனியில் வேலையும் கிடைத்தது. கீழே டயருக்குக் காற்றடித்தால் மேலே மேசை அதிரும். தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க மாடிப்படி ஏறும்போது, மேலே இருக்கும் ஆண்டவன் தன்னையும் ஒரு பொருட்டாக மதித்துவிட்டான் என்று நெஞ்சு நிறைந்துவிடும்.

வீட்டில் அவளைக் கிண்டல் செய்ய ஓர் ஆள் உண்டு. அண்ணி. வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை பார்த்தார்.

“வாங்க கம்ப்யூட்டர் அம்மா. சோறு வச்சா சாப்பிடுவீங்களா, இல்ல உங்களுக்கும் ஏதாவது பட்டன் அமுக்கணுமா?”

“அமுக்க வேண்டாம் அண்ணி. குழம்பு ஊத்துனா தானா ஓடும்.”

“ஓடும் ஓடும். வாய் மட்டும் கரண்ட் இல்லாமலே ஓடுது.”

இப்படிப் பேசினாலும், வெளியில் போனால் அண்ணிக்குத் தம்பி மனைவி பெருமைதான். அந்தப் பள்ளிக்கூடத்து வேன்களுக்கு, போனில் ஓடும் ஒரு செயலி எழுதித் தரும் வேலை சின்னவளின் கம்பெனிக்கே வந்தபோது, மற்ற ஆயாக்களிடமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். “எங்க வீட்டுப் பொண்ணு எழுதுறது. நீங்க கண்ணை மூடிட்டு நம்பலாம்.”

வேலை இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. ஏறும்போதும் இறங்கும்போதும் வேன் கதவருகே இருக்கும் பெட்டியில் அட்டையைத் தொட வேண்டும். கடைசி நிறுத்தம் முடிந்ததும் ஆயா போனை எடுத்து, ‘பயணம் முடிந்தது’ என்ற பட்டனை அழுத்துவார். உள்ளே பிள்ளை யாராவது இருந்தால் சிவப்புப் பட்டையும் பெயரும் வரும். யாரும் இல்லையென்றால் பச்சைப் பட்டை. அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பச்சையும் சிவப்பும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா.

சின்னவள் முதலில் பிள்ளைகளின் பெயர்களை ஓர் ‘அரே’யில் வைத்தாள். அரே என்பது நாற்காலி வரிசை மாதிரி. பிள்ளை ஏறினால் வரிசையின் கடைசியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கும். இறங்கினால் அந்தப் பெயரை அழித்துவிட வேண்டும். அவள் ‘டிலீட்’ என்று ஒரு வார்த்தை போட்டு அழித்தாள். ஆனால் டிலீட் போட்டால் ஆள்தான் எழுந்து போவார், நாற்காலி அங்கேயே கிடக்கும். எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள அரேயிடம் ‘லென்த்’ கேட்பார்கள். லென்த் என்பது உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணாது, வரிசை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். எல்லாப் பிள்ளைகளும் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் வேன் நிறைய ஆள் இருப்பதாக அது கணக்குச் சொன்னது. காலி வேனுக்குச் சிவப்பு விழுந்தது.

வேன் டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். “ஏம்மா, பேய்க்கும் பிசாசுக்கும் கூட அட்டை குடுத்துட்டீங்களா? பின் சீட்டுல யாரோ இருக்காங்கன்னு சொல்லுதே, நாங்க வீட்டுக்குப் போறதா வேண்டாமா?” என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டார் ஒருவர். முதலாளி போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார். அறை முழுக்கச் சிரித்தது. சின்னவளுக்குக் காது சுட்டது.

அன்றைக்கே உட்கார்ந்து அரேயைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘ஆப்ஜெக்ட்’ என்பதற்கு மாற்றினாள். அது பை மாட்டும் கொக்கிகள் மாதிரி. ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஓர் அட்டை எண். பிள்ளை இறங்கினால் பையோடு கொக்கியும் போய்விடும், மிச்சம் எதுவும் நிற்காது. மாற்றி முடித்து, ஒரு பிள்ளையை ஏற்றி இறக்கியதாகப் பாவனை செய்து பட்டனை அழுத்தினாள். பச்சை. மறுபடி ஏற்றி இறக்கினாள். பச்சை. பேய் ஓடிப்போயிற்று என்று அவளுக்கு அப்படியொரு நிம்மதி. வந்த புகார் காலி வேனைப் பற்றியது. அதனால் காலி வேனை மட்டுமே பார்த்தாள்.

சாயங்காலம் முதலாளி பையை மாட்டிக்கொண்டு நின்றபடி கேட்டார். “ஆள் இருக்கும்போதும் அழுத்திப் பார்த்தியாம்மா? ரெண்டும் சரியா வருதா?”

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இதோ பார்க்கிறேன் சார் என்று சொல்லியிருந்தால் அவர் காத்திருந்திருப்பார், நல்ல மனிதர். ஆனால் காலையில் சிரித்த சிரிப்பு இன்னும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது போல அவளுக்கு இருந்தது.

“ரெண்டும் பார்த்துட்டேன் சார்.”

அந்த வாரமே அது நடந்தது.

மதியம் வேன் எல்லா நிறுத்தங்களும் முடித்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியது. அண்ணி பட்டனை அழுத்தினார், பச்சை வந்தது, கதவைப் பூட்டினார், வீட்டுக்கு நடந்தார். பின் சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெண் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி கழுவுகிறவர் வாளியோடு வந்தபோதுதான் கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. பூட்டிய வண்டிக்குள் வெயில் ஏறியிருந்தது. பிள்ளை நனைந்த துணிபோல இருந்தாள், அழுது அழுது குரல் போயிருந்தது. தண்ணீர் குடித்ததும் அம்மா எங்கே என்று கேட்டாள். ஆண்டவன் காப்பாற்றினான். வேறென்ன சொல்ல.

பள்ளி மேலாளர் உடனே கம்பெனிக்குப் போன் செய்தார். ஆயா பச்சை வந்தது என்கிறாரே, உங்கள் பக்கத்தில் ஏதாவது தப்பு உண்டா என்று கேட்டார். முதலாளி சின்னவளைப் பார்த்தார். சின்னவள் உதட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார். “எங்க பக்கத்துல எல்லாம் பார்த்தாச்சுங்க. எழுதினவங்களே ரெண்டு விதமாவும் சோதிச்சிருக்காங்க.”

அவர் அவள் வார்த்தையை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தார்.

சின்னவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவே இல்லை. பெயர்களை அரேயிலிருந்து ஆப்ஜெக்டுக்கு மாற்றினாளே தவிர, கீழே எண்ணிப் பார்க்கும் வரியை மாற்றவில்லை. அது இன்னும் லென்த் கேட்டுக்கொண்டிருந்தது. ஆப்ஜெக்டுக்கு லென்த் என்று ஒன்று கிடையாது. முதலில் எல்லாக் கொக்கிகளின் பெயர்களையும் ‘கீஸ்’ என்று திரட்டி, அந்தப் பெயர்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். நேராக லென்த் கேட்டால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு நின்றுவிடாது. பூஜ்யம் என்றும் சொல்லாது. ‘அன்டிஃபைன்ட்’ என்று மட்டும் சொல்லும். அப்படி ஒன்று என்னிடம் இல்லையே என்று அதற்கு அர்த்தம். சின்னவள் எழுதியிருந்ததோ, லென்த் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. இல்லாத ஒன்று எப்படிப் பெரிதாக இருக்கும்? வேன் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் அது பச்சையைத்தான் காட்டியிருக்கும்.

முதலாளி அடுத்த மேசையில்தான் இருந்தார். எழுந்து நான்கு வார்த்தை சொன்னால் போதும். சின்னவள் எழவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தினாள், ஆள் இருக்கும்போது அழுத்திப் பார்த்தாள், சிவப்பு. திருத்தியது எல்லா ஆயாக்களின் போனுக்கும் போய்ச் சேரும்படி சத்தமில்லாமல் மேலே ஏற்றிவிட்டாள். கீழே டயருக்குக் காற்றடித்தார்கள். டம்ளர் நகர்ந்தது. அவள் அதைப் பிடித்து வைத்தாள்.

மறுநாள் அண்ணி பள்ளிக்கூடம் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைப் பலகையில் உட்கார்ந்தார்.

“அத்தை, இன்னைக்கு உங்களுக்கு லீவா?” என்று மகள் ஓடிவந்தாள்.

“ஆமா கண்ணு. பெரிய லீவு.”

வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுத்தான் விவரம் வந்தது. மேலாளர் அண்ணியின் கண் முன்னாலேயே ஓர் அட்டையைத் தொட்டு, பட்டனை அழுத்திக் காட்டியிருக்கிறார். பளிச்சென்று சிவப்பு. “பாருங்கம்மா, நல்லாத்தானே வேலை செய்யுது. நீங்க பார்க்காமலே பூட்டிட்டு, இப்போ பச்சைன்னு சொல்றீங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். மறு தகவல் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

“நீ பச்சையைத்தானே பார்த்தே, அக்கா?” என்றார் வீட்டுக்காரர்.

“பார்த்தேன்னுதான் தம்பி நெனைக்கிறேன். ஆனா அவரு கையில சிவப்பா வந்துச்சே. இவ எழுதினது பொய் சொல்லுமா?” என்று சின்னவளைக் கை காட்டினார். “முன்னெல்லாம் நான் பின் சீட்டு வரைக்கும் போய்க் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் இறங்குவேன். இவ எழுதினது வந்ததுக்கு அப்புறம் அதை விட்டுட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணு பார்த்துக்குதுன்னு ஒரு தைரியம். என் கண்ணுதான் ஏமாத்திருச்சு போல.”

சின்னவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் காய்ந்து புகைந்தது. அதை அணைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

“என்னடி, ஊமையாட்டம் நிக்கிறே?” என்றார் வீட்டுக்காரர்.

“தலைவலி.”

அன்றைக்கு அவளால் கும்பிட முடியவில்லை. கையைக் குவித்தாள். எதைக் கேட்பது? யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றா? அப்படி ஒன்றைக் கடவுளிடம் கேட்கலாமா? குவித்த கையை மடியில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணி கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். புடவை எடுக்கும்போதுகூட, “இது பச்சைதானே?” என்று மகளிடம் காட்டிக் கேட்டார். மகள் விளையாட்டு என்று நினைத்து, “இல்ல, ஊதா” என்று ஏமாற்றிவிட்டுச் சிரித்தாள். அண்ணி புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததைச் சின்னவள் பார்த்தாள்.

“சின்னவளே, நாளைக்கு அரை நாள் லீவு போடுறியா? கண்ணு டாக்டர்கிட்ட போகணும். எழுத்து கிழுத்து எழுதச் சொன்னா எனக்கு வராது” என்று அண்ணி கேட்டார். சின்னவள் போட்டாள்.

கண் ஆஸ்பத்திரி சுவர் முழுக்க இளநீலம். பரிசோதிக்கிற பெண் அண்ணியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னாள். சுவரில் மூன்று கோடு நீட்டிய படங்கள், பெரிதும் சிறிதுமாக. கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொன்னால் போதும். அண்ணி ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டிக் காட்டினார். மேலே. இடது. கீழே. பரீட்சை எழுதும் பிள்ளைபோல, சொல்லிவிட்டுச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் புள்ளி புள்ளியாக நிறம் போட்ட ஒரு புத்தகம் வந்தது.

“பச்சை. சிவப்பு. இதுவும் சிவப்பு, ஆனா கொஞ்சம் வெளுத்தது. பச்சை.”

“நல்லா சொல்றீங்கம்மா. உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல கண்ணு எல்லாருக்கும் இருக்காது. பக்கத்துல இருக்கறதைப் பார்க்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கலாம். நிறத்துல ஒரு குறையும் இல்ல.”

அண்ணியின் முகம் மலரும் என்று பார்த்தால், இன்னும் வாடிவிட்டது. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து அதன் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அப்போ கண்ணு இல்ல,” என்றார். “புத்திதான்.”

“அப்படியெல்லாம் இல்ல அண்ணி.”

“பின்ன என்ன? கண்ணு நல்லா இருக்கு, போனு நல்லா இருக்கு. நடுவுல நான்தானே இருக்கேன். ஒருத்தர் பெத்த பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டு நடந்து வந்திருக்கேன். வர்ற வழியில பாட்டு வேற முணுமுணுத்துட்டு வந்தேன், தெரியுமா? புத்திக்கு எந்த டாக்டர்கிட்ட போகணும்? உனக்குத் தெரிஞ்சா சொல்லு. செலவானா ஆகட்டும்.”

அண்ணி உண்மையாகவே கேட்டார்.

“பச்சையாத்தான் இருந்துச்சு அண்ணி,” என்றாள் சின்னவள்.

அண்ணி திரும்பினார்.

“நான் எழுதினதுதான் தப்பு. உள்ள பிள்ளை இருந்தாலும் பச்சைதான் வந்திருக்கும். பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சதும் திருத்திட்டேன். அதனாலதான் மறுநாள் மேலாளர் கையில சிவப்பா வந்துச்சு. நீங்க பார்த்தது சரி.”

பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெரியவர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். சின்னவளுக்கு அதுகூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அண்ணி கையை ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பச்சையாத்தான் இருந்துச்சா,” என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “அன்னைக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“நான் புடவையை வச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னப்போ?”

“தெரியும் அண்ணி.”

அண்ணி எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் என்ன ஜட்ஜா? எங்க பொய் சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. நானும் வர்றேன். நீ பாதியில முழுங்கிடுவ.”

முதலாளியிடம் சொல்வது ஒரு விதத்தில் சுலபமாக இருந்தது. அவர் திட்டவில்லை. “நான் உன் வார்த்தையைத்தானேம்மா அவங்ககிட்ட கொடுத்தேன்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இனிமேல் அவள் எழுதுவதை இன்னொருவர் பார்த்துத்தான் மேலே ஏற்றுவார் என்றும் சொன்னார். போன தடவை சிரித்த அதே அறை. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

முதலாளி போன் செய்து சொல்லியிருந்ததால், பள்ளிக்கூடத்தில் மேலாளர் பிள்ளையின் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். துணிக்கடையில் வேலை பார்ப்பவர், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார்.

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. புரியற மாதிரி சொல்லுங்க,” என்றார் அந்த அம்மா.

சின்னவள் நாற்காலி வரிசையைச் சொன்னாள், கொக்கிகளைச் சொன்னாள். பாதியில் மேசை மேலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். அண்ணி பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் எடுத்துத் தரவும் இல்லை.

“எத்தனை பேர்னு நான் கேட்ட விதமே தப்பு. அதுக்கு அது, நீ கேக்கறது என்கிட்ட இல்லன்னுதான் சொல்லுச்சு. வண்டியில யாரும் இல்லன்னு அது சொல்லவே இல்ல. நான்தான் அப்படி எடுத்துக்கற மாதிரி எழுதி வச்சிருந்தேன். பிள்ளை உள்ள இருக்கும்போது ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல. பார்த்தேன்னு சொல்லிட்டேன். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

“இருக்கு,” என்றார் அண்ணி. “நான் குனிஞ்சு பார்த்திருக்கணும். என் பங்கு எனக்கு. அதை இவ தலையில போட மாட்டேன். ஆனா பச்சைன்னு நான் சொன்னது பொய் இல்ல. அது மட்டும் நீங்க எல்லாரும் கேட்டுக்கணும்.”

பிள்ளையின் அம்மா சின்னவளையே பார்த்தார்.

“உங்களுக்குப் பிள்ளை இருக்கா?”

“ஒரு பொண்ணு. இதே வயசு.”

அந்த அம்மா தலையை ஆட்டினார். கழுத்து நாடாவைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லி எழுந்து போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சின்னவளுக்கு அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் என்னவென்று விளங்கவில்லை.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடுங்கள் என்று அண்ணியிடம் சொன்னார். எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு என்று மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டார்.

“எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இதையும் அவங்க முன்னால சொல்லிடுங்க. நான் வர்றேன்,” என்றார் அண்ணி.

வீடு வரைக்கும் இருவரும் நடந்தே வந்தார்கள். அண்ணி முன்னால், சின்னவள் இரண்டடி பின்னால். தெருமுனையில் காய் வாங்கினார்கள். பையைச் சின்னவள் வாங்கப் போனாள். அண்ணி கொடுக்கவில்லை.

வாசலில் வீட்டுக்காரரின் செருப்பு கிடந்தது. உள்ளே மகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம். அண்ணி படியில் நின்றார்.

“தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன்,” என்றார். “என் வாயால உன்னைப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை வராது. நீயே சொல்லிடு. பிள்ளையும் இருக்கட்டும், அனுப்பிடாத.”

“இப்பவா அண்ணி?”

“ஏன், அவங்களுக்குத் தெரியவேண்டாமா?”

சின்னவள் செருப்பைக் கழற்றினாள். மகள் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, அம்மா வந்தாச்சு என்று கத்திக்கொண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, “கண்ணு டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டார். அண்ணி காய்ப் பையோடு அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். சின்னவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அவருக்கு எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.